எல்கானோவைக் கரைசேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஸ்பெயினுக்காக மெகல்லன் தொடங்கிய முதல் உலகச் சுற்றுக் கடற்பயணத்தை முடித்து வைத்த பாஸ்க் நாட்டு மாலுமி ஹுவான் செபாஸ்டியான் எல்கானோ பற்றிய என் சிறுநூல் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. உள்ளே உழைத்தவர்கள் வேறு பலர்.

முதலில் தூத்துக்குடி அண்ணாச்சி. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1521 டிசம்பரில் இந்தோனேசியாவின் திதோரே தீவில் கிராம்பு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எல்கானோவின் கப்பல் விக்டோரியா, இந்தியப் பெருங்கடலில் ஏன் அவ்வளவு தெற்கே இறங்கியது என்று கேட்டேன். போர்த்துகீசியர் கையில் சிக்காமல் இருக்கத்தான் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அண்ணாச்சி கடல் வரைபடத்தை விரித்து, நாற்பதாம் பாகையில் விரலை வைத்தார். "இங்க வருசம் பூரா மேல்காத்துதான். மேற்க போறவனுக்கு மூஞ்சியிலேயே அடிக்கும். இந்த வழியா யாரும் வேணும்னு போக மாட்டான்வே!" நன்னம்பிக்கை முனைக்கு முன்னால் ஒன்பது வாரம் பாயைச் சுருட்டிக்கொண்டு தத்தளித்ததாக, உடன் வந்த பிகாஃபெத்தா தன் பயணக் குறிப்பில் எழுதியிருப்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. உப்பு இல்லாமல் இறைச்சி அழுகிவிட, சோறும் தண்ணீரும்தான் சாப்பாடு. ஓட்டைக் கப்பலில் இரவும் பகலும் நீர் இறைக்க வேண்டும். திமோர் தீவுக்கும், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வேர்டே தீவுகளுக்கும் நடுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

அடுத்து, ஸ்பானிஷ் ஆசிரியை. 1522 செப்டம்பர் 6 அன்று, தன்னையும் சேர்த்து மிஞ்சிய 18 பேராக ஸ்பெயினின் சான்லூகார் துறைமுகம் வந்து சேர்ந்த எல்கானோ மன்னர் கார்லோசுக்கு எழுதிய கடிதத்தை என்னோடு உட்கார்ந்து வரிவரியாக வாசித்தவர். உலகைச் சுற்றி வந்துவிட்டோம் என்று அறிவிக்கும் அதே கடிதத்தில், கேப் வேர்டேயில் போர்த்துகீசியர் பிடித்து வைத்த 13 பேரை மீட்டுத் தாருங்கள் என்று அவன் மன்றாடுகிறான். நான் அதை வேகமாகக் கடந்து போகப் பார்த்தபோது நிறுத்தி, திரும்பப் படிக்க வைத்தது அவர்தான். தென் அமெரிக்காவின் சான் ஹுலியானில் மெகல்லனுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தவன், சொந்தக் கப்பலைக் கடனுக்காக அந்நியரிடம் கொடுத்துச் சட்டத்தில் மாட்டியவன் என்ற கணக்கெல்லாம் இருக்கட்டும். அந்த வேண்டுகோளுக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

பிகாஃபெத்தாவோ தன் பயணக் குறிப்பில் எல்கானோ பெயரை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. ஒரே கப்பலில் வந்தவர்! என்ன கோபமோ.

மெய்ப்பு பார்த்த தம்பிக்குத் தனி நன்றி. "ஐயா, கேப் வேர்டே பக்கத்தில் கிழமை இடிக்கிறதே" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். இடிக்கத்தான் வேண்டும். கப்பல் கணக்கில் 1522 ஜூலை 9, புதன்கிழமை. கரையில் இருந்தவர்களுக்கு வியாழன். மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றியதில் ஒரு நாள் கழிந்துவிட்டது. அவர் கேட்டதால்தான் அந்த ஒற்றை வரி இரண்டு பக்கமாக வளர்ந்தது.

வரைபடங்கள் என் அண்ணன் மகள் கைவண்ணம். அரசர் அளித்த சின்னத்தில் உள்ள பட்டை, சாதிக்காய், கிராம்பைச் சமையலறை டப்பாவிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்து வரைந்தாள். கிராம்பு மொத்தம் 12, எண்ணிப் பார்க்கலாம்.

கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு இரவு பதினோரு மணிக்குப் போன் செய்த நண்பர்களுக்கும் நன்றி. 1525இல் ஸ்பானியத் தளபதி லோயாசாவின் கப்பல் படையோடு மறுபடி கிளம்பிய எல்கானோ, அடுத்த ஆண்டு பசிபிக் நடுவே படுத்த படுக்கையில் ஜூலை 26 அன்று உயில் எழுதினான். சொந்த ஊரான கேதாரியாவில் இருந்த தாய், பிள்ளைகள், கோயில்கள் எல்லோருக்கும் பங்கு வைத்தான். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவன் பதின்வயதுப் பையன், அந்திரேஸ் உர்தனேதா. 1565இல் பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோ திரும்பும் கடல்வழியைக் கண்டவன் அவனேதான். அவனைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

அச்சுச் செலவுக்குக் கைமாற்றாகக் கொடுத்தவர்களுக்கு: மன்னர் ஆண்டுக்கு 500 துகாத் பொற்காசு தருவதாகச் சொன்னார், எல்கானோ சாகும்வரை அது கைக்கு வரவில்லை. உங்கள் பணம் தை பிறந்ததும் வந்துவிடும்.

நன்றியுடன்,
நூலாசிரியர்