சின்ன டீச்சர் எழுதுறேன் அக்கா

அக்கா,

இன்னைக்கு மே 31. உங்க பணி நிறைவு விழாவுக்கு நான் வரல. குரூப்புல போட்டோ எல்லாம் வந்துச்சு, அந்த மாம்பழக் கலர் பட்டுல நல்லா இருந்தீங்க, மாலைய கையிலயே வச்சுட்டு நின்னீங்க, கழுத்துல போட விடலன்னு நெனைக்கிறேன். நான் அந்த நேரத்துல இங்க எங்க பள்ளிக்கூடத்து சின்டெக்ஸ் டேங்கு பக்கத்துல நின்னு பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவ வச்சுட்டு இருந்தேன். ஜூன் 2 திங்கக்கிழமை திறக்கணும்ல, சனிக்கிழமை வேல இருந்துச்சுன்னு ஒரு காரணம் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அது பொய் இல்ல, வேல இருந்துச்சு, ஆனா அதுக்காக வராம இல்ல.

போன் பண்ணா நீங்க "சரிம்மா, சாப்பிட்டியா, வைக்கட்டா"ன்னு முடிச்சுருவீங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான முடிக்கிறீங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க எழுதுனா தம்பி உங்களுக்குப் படிச்சுக் காட்டுவான், அவன் படிக்கும்போது பாதியில வைக்க முடியாது.

அந்த மத்தியானத்தப் பத்தி தான் சொல்லணும். 2023 மே, கத்திரி ஆரம்பிச்ச சமயம். நம்ம பள்ளிக்கூடத்துல நீங்க ஹெச்.எம்., நான் சின்ன டீச்சர். வராண்டா முழுக்க ஊர்க்காரங்க மிளகா வத்தல் காயப்போட்டிருந்து அன்னைக்குத் தான் அள்ளிட்டுப் போயிருந்தாங்க, கூட்டக் கூட்ட நெடி ஏறி ரெண்டு பேரும் மாறி மாறி தும்முனோம், உங்களுக்கு கண்ணுல தண்ணி ஊத்துது, முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டு ஒட்டடக் குச்சியோட நிக்கிறீங்க. எனக்கு இன்னும் அந்த நெடி அடிக்குது அக்கா, எங்க வத்தல் காஞ்சாலும் உங்க மூஞ்சி தான் வருது.

செவுத்துல கீழாப்புல இருக்குற கரும்பலகைய கருப்பாக்கணும்னு ஒவ்வொரு வருஷமும் ஒத்தக் கால்ல நிப்பீங்க. 2007-08ல ஏபிஎல்னு செயல்வழிக் கற்றல் வந்தப்ப எல்லா அரசுப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல போட்டது, அந்த முறையோட அட்டையும் ஏணிப்படியும் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, நெறைய எடத்துல அதுக்கு மேல படம் வரைஞ்சுட்டாங்க, நீங்க மட்டும் விடல. "பிள்ளைக்குன்னு செவுத்துல ஒரு கட்டம் இருந்தா அது வரும்"னு சொல்லுவீங்க. பெயின்ட் வாங்கலாம்னா வேணாம்னுருவீங்க, பெயின்ட்டு மேல சாக்பீஸ் வழுக்குதாம். வேலில கெடக்குற கோவை இலைய ஒரு பை பறிச்சு, கல்லுல வச்சு நசுக்கி, அடுப்புக்கரிப் பொடிய அதுல போட்டுப் பிசைஞ்சு, பழைய பனியன் துணில தொட்டுத் தொட்டு செவுத்துல தேய்க்கணும். பச்ச வாசனையும் கரி வாசனையும் சேந்து ஒண்ணு வரும் பாருங்க, எனக்கு ஜூன்னாலே அந்த வாசனை தான். நகக்கண்ணுல ஏறுன கருப்பு ஒரு வாரத்துக்குப் போகாது.

அன்னைக்குக் கரி கொண்டு வந்தது அந்தப் பிள்ளை. பேரு போடல, உங்களுக்குத் தெரியும். அப்பா அம்மா கரிமூட்டம் போட்டுக் கெடந்த எடத்துலேர்ந்து ஒரு உரச்சாக்குல அள்ளிப் போட்டு தலையில வச்சுட்டு வந்துச்சு, மூஞ்சி கழுத்து எல்லாம் கரி, பல்லு மட்டும் தெரியுது. மூணு முடிச்சு நாலுக்குப் போகணும். சாக்க எறக்கி வச்ச ஒடனே அது மொதக் கேள்வியா என்ன கேட்டுச்சு? "டீச்சர் எனக்கு இந்த வருசம் எந்தக் கட்டம்?" நீங்க என்னைப் பாக்காம, செவுத்தத் தேச்சுக்கிட்டே, "சின்ன டீச்சர்ட்ட கேளு, அவங்க தான எழுதி வைப்பாங்க"ன்னீங்க.

நான் எழுதுனேன். ஈரம் காயக் கூட இல்ல, ஜன்னலுக்குக் கீழ உள்ள கட்டத்துல அது பேர எழுதுனேன், சாக்பீஸ் இழுவுது, அந்தப் பிள்ள ஒவ்வொரு எழுத்தா கூடவே சத்தமாப் படிச்சுச்சு. ற-வுக்குப் பதிலா ர போட்டுட்டேனா இல்லையான்னு ரெண்டு தடவ பாத்துச்சு. போகும்போது "ஜூன்ல வந்துருவேன் டீச்சர், கரிமூட்டம் அதுக்குள்ள பிரிச்சுருவாங்க"ன்னுச்சு.

டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டுட்டு அந்தப் பேர எழுதுனேன் அக்கா.

அதுக்கப்புறமும் நீங்க நிறுத்தல. தரையில உக்காந்து போன வருஷத்து குச்சிக் கட்ட எல்லாம் கொட்டுனீங்க, ரப்பர் பேண்டு எல்லாம் வெயில்ல இளகி குச்சியோட ஒட்டிப் போயிருந்துச்சு, அத நகத்தால சுரண்டி சுரண்டி எடுத்தோம். நீங்க பத்துப் பத்தா எண்ணித் தள்ள நான் சணல் கயிறு வச்சுக் கட்டுறேன். எண்ணிக்கிட்டே சொல்றீங்க, "இந்த வருஷம் எண்ணும் எழுத்தும் திட்டம் நாலு அஞ்சாங்கிளாஸுக்கும் வருதாம், பயிற்சிக்கு நான் போயிட்டு வந்துருவேன், நீ ஒண்ணு ரெண்டு மூண அப்படியே வச்சுக்க, அந்த மொட்டு நெலையில நிக்குற நாலு பேரும் தீபாவளிக்குள்ள மலர் நெலைக்கு வந்துருவாங்க." நாலு பேரு பேரையும் சொன்னீங்க. நான் தலையாட்டுனேன். ம்ம்னு சொன்னேன். குச்சியக் கட்டுனேன்.

சொல்லணும்னு தான் அன்னைக்கு வந்தேன். சத்தியமா. காலைல பஸ்ல வரும்போது எப்படி ஆரம்பிக்கணும்னு கூட நெனச்சு வச்சிருந்தேன். அந்தப் பிள்ள கேட்ட கேள்விக்கப்புறம் வாய் வரல. சரி, ராத்திரி போன்ல சொல்லிட்டு, மறுநாள் உங்ககிட்ட ஹெச்.எம். அப்ரூவல் வாங்கிக்கலாம்னு நெனச்சுத் தான் 5.20 பஸ் ஏறுனேன். பஸ்ல ஏதோ தோணி நம்ம துறையோட இமிஸ் தளத்தத் தெறந்து பாத்தா, என் விண்ணப்பம் நாலு நாள் முந்தியே உங்க லாகின்ல ஒப்புதல் ஆகி பிஇஓ, அதான் வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸுக்குப் போயிருக்கு. வருகைப்பதிவு போடக் கூட போன என் கையில குடுக்குற நீங்க, அத மட்டும் நீங்களே உக்காந்து அமுக்கிருக்கீங்க. (இதுக்கு மேல இத வெளக்கக் கூடாது, நம்ம துறைக்காரங்களும் படிக்கிறாங்க.)

அப்ப நாலு நாளா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு தான் கோவை இலை பறிக்கக் கூப்பிட்டீங்க. தெரிஞ்சு தான் "சின்ன டீச்சர்ட்ட கேளு"ன்னீங்க.

இந்த ரெண்டு வருஷமா இதத் தான் நான் புரட்டிப் புரட்டிப் பாக்குறேன். சில நாள், இது எவ்வளவு பெரிய மனசு, போறவள ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்கன்னு அழுவேன். சில நாள் ஆத்திரமா வரும். ஏன் அக்கா, என்னை அந்தப் பேர எழுத வச்சீங்க? அது தண்டனை இல்லாம வேற என்ன? "போறியாடி"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அங்கயே உக்காந்து எல்லாத்தையும் கொட்டிருப்பேன், யாருக்குத் தெரியும், விண்ணப்பத்த வாபஸ் வாங்கிருந்தாலும் வாங்கிருப்பேன். நீங்க கேக்கல. நல்லவங்களாவே இருந்துட்டீங்க, கெட்டவளா நிக்கிற எடத்த எனக்கு விட்டுட்டீங்க.

நான் ஏன் போனேன்னு உங்களுக்குப் பாதி தெரியும். மீதிய இங்க எழுத முடியாது, எங்க வீட்டு ஆளுங்களும் படிப்பாங்க. மாமியார் விழுந்தது, பெரியவ பத்தாவது, அது எல்லாம் உண்மை. ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க வீட்லேர்ந்து பள்ளிக்கூடம் ரெண்டு தெரு. நான் ஒம்போது வருஷம் காலைல 6.10 பஸ்ஸப் புடிச்சு, வெளாத்திகுளத்துல எறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்னு வந்தேன். அது வராத நாள்ல மினி லாரில கூட வந்திருக்கேன். உங்களுக்கு அது தெரியும், ஆனா தெரியாத மாதிரி 9 மணிக்கு கேட்டு பக்கத்துல நிப்பீங்க. ஒரு கூட்டத்துல வேற ஒரு டீச்சரப் பத்திப் பேச்சு வந்தப்ப "பிள்ளைங்கள விட்டுட்டு டவுன் பக்கம் போறவளெல்லாம் டீச்சரா"ன்னு சொன்னீங்க, நான் பக்கத்துல தான் உக்காந்திருந்தேன், அப்பவே என் மனசுல அது இருந்துச்சு.

நான் வந்ததுக்கப்புறம் 23 பேரு 14 ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். சின்ன டீச்சர் போனதால தான்னு ஊர்ல பேசிக்கிறாங்களாம். தனியார் பள்ளிக்கூட வேன் நான் போறதுக்கு ஒரு வருஷம் முந்தியே ஊருக்குள்ள வந்துருச்சுல்ல அக்கா, அத யாரும் சொல்லலையா? ஆனாலும் ஒண்ண ஒத்துக்குறேன். அந்த ஜூன்ல வெயிலு தாங்காம 7ஆம் தேதி திறக்குறத நம்ம தொடக்கப்பள்ளிக்கு 14ஆம் தேதின்னு தள்ளி வச்சாங்கல்ல, அந்த ஒரு வாரமும் நீங்க ஒத்தையா வீடு வீடாப் போயி அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளைங்கள எழுதிட்டு வந்தீங்கன்னு சத்துணவு அக்கா சொன்னாங்க. எப்பவும் நாம ரெண்டு பேரும் சாயங்காலம் வெயில் தாழ்ந்து போவோம், நீங்க பேசுவீங்க, நான் நோட்டுல எழுதுவேன், யாராவது மோர் குடுப்பாங்க. அத நீங்க தனியா பண்ணதுக்கு நான் தான் காரணம். அதுக்கு மட்டும் எந்த நியாயமும் என்கிட்ட இல்ல. மன்னிச்சுருங்க.

அந்த வருஷம் ஆகஸ்ட் 25 காலை உணவுத் திட்டம் நம்ம பள்ளிக்கும் வந்துச்சுல்ல, மொத நாள் பிள்ளைங்க சாப்பிடுற போட்டோவ குரூப்புல போட்டீங்க. எங்க பள்ளிக்கூடத்துலயும் அன்னைக்குத் தான். நான் பரிமாறிக்கிட்டே நெனச்சது பீரோவுல நாம வச்சிருந்த அந்த மஞ்ச டப்பாவ. கோவில்பட்டிலேர்ந்து நான் கடலைமிட்டாய் வாங்கிட்டு வர, ஒண்ணும் சாப்பிடாம வர்ற பிள்ளைங்களுக்கு ப்ரேயருக்கு முன்னாடி கையில வச்சு அமுக்குவீங்க, மத்தவங்க பாக்காத மாதிரி. இனிமே அந்த டப்பா வேணாம்னு சந்தோஷமாவும் இருந்துச்சு, என்னமோ மாதிரியும் இருந்துச்சு.

இங்க எனக்கு ஒண்ணாங்கிளாஸ், இதுவரைக்கும் 19 பேரு சேந்திருக்காங்க. ஸ்மார்ட் போர்டு இருக்கு, ஃபேன் இருக்கு, பஸ்ஸ விட்டு எறங்குனா பள்ளிக்கூடம். திறக்குறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு, டேங்கு கழுவு, புதர வெட்டு, சுவிட்சு போர்டப் பாரு, எல்லாம் பண்ணியாச்சு, ஜன்னல்ல இருந்த குளவிக்கூடக் கூட ஆள வச்சு எடுத்தாச்சு. எல்லாம் வேணும் தான், தப்பு சொல்லல. ஆனா மொத நாள் உள்ள வர்ற பிள்ள தன் பேர எங்க பாக்கும்னு அதுல ஒரு வரி இல்ல. அத உங்ககிட்ட தான் படிச்சேன்.

இங்கயும் செவுத்துல பழைய கட்டம் இருக்கு, மேல ஏதோ முயலும் ஆமையும் வரைஞ்சு வெளுத்துக் கெடந்துச்சு. ஹெச்.எம்.கிட்ட கேட்டேன், "உங்க இஷ்டம் டீச்சர்"ன்னுட்டாரு. நேத்து டிரான்ஸ்பார்மர் வேலில கோவைக்கொடி கெடந்தத கண்டுபிடிச்சு பறிச்சேன். கரிக்கு எங்க போறது, தெருமுனையில இஸ்திரி வண்டி அண்ணாச்சிட்ட அரைக் கிலோ கேட்டேன். எதுக்கும்மான்னாரு, சொன்னேன், காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. இந்தக் கரி எங்கேர்ந்து வருதுண்ணேன்னு கேட்டதுக்கு "எல்லாம் வெளாத்திகுளம் பக்கம் மூட்டத்துக் கரி தான்"னு சொன்னாரு, எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுப் போச்சு.

தேச்சுட்டேன் அக்கா. ரெண்டு பூச்சு. 19 பேரையும் எழுதிட்டேன், புதுசா யாராவது வந்தா எழுத நாலு கட்டம் சும்மா விட்டிருக்கேன், நீங்க விடுற மாதிரி. ஜன்னலுக்குக் கீழ உள்ள கட்டத்துல மட்டும் கை போகல, அதையும் காலியாத் தான் விட்டிருக்கேன்.

அந்தப் பிள்ள இப்ப அஞ்சு முடிச்சு ஆறுக்குப் போகணும். எங்க சேத்தீங்க? டிசி வாங்கிட்டாங்களா, இல்ல கரிமூட்டத்துல இருந்து இன்னும் வரலையா? நான் போனதுக்கப்புறம் அந்தக் கட்டத்துல அது பேர யாராவது அழிச்சு எழுதுனீங்களா, அது ஜூன்ல வந்து என்ன கேட்டுச்சு, நீங்க என்ன சொன்னீங்க? இத எல்லாம் போன்ல கேக்க எனக்கு தைரியம் வரல.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மதியம் கோவில்பட்டில பஸ் ஏறுறேன். கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட்டு வாங்கிட்டு வருவேன், உங்களுக்கு சுகர்னு தெரியும், தம்பி பிள்ளைங்களுக்கு. பள்ளிக்கூட சாவிய ஒப்படைச்சிருப்பீங்க, ஆனா அந்தக் குச்சிக்கட்டுப் பைய ஒப்படைச்சிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். வீட்ல தான் இருக்கும்னா அதுல பாதிய எனக்குத் தாங்க, இங்க 19 பேருக்கு என்கிட்ட ஆறு கட்டு தான் இருக்கு. வரட்டுமா வேணாமான்னு கேட்டு போன் பண்ண மாட்டேன். கதவு சாத்தியிருந்தா திண்ணையில உக்காந்திருப்பேன், திரும்பிப் போக கடைசி பஸ் 7.40க்குத் தான்.

சின்ன டீச்சர்