வரலாறு எடுத்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ இளங்கலை வரலாற்றில் சேர்ந்த செய்தி பரவியதிலிருந்து, "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?" என்று கேட்காதவர் தண்டையார்பேட்டையில் மிச்சமில்லை. உன் அப்பாவும் அதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன்.

31 ஆண்டுகள் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன் நான். கைத்தொழிலைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒருமுறை சம்பள ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்தபோது, எல்லாரும் தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டினோம். மாலைதோறும் படிப்பகத்தில் இலக்கணமும் பழம்பாட்டும் படித்துக்கொண்டிருந்த ஒரு தோழர்தான், ஓவர்டைம் பற்றிய வரியில் "வழங்கப்படும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வழங்கப்படலாம்" என்று இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். அந்த ஒரு "லாம்" நீங்க மூன்று வாரம் பேச வேண்டியிருந்தது. மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகைப் பிடிக்கும் எங்கள் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை.

1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அவர்களோடு நின்ற திரு.வி.க. அதற்குமுன் தமிழாசிரியர், 1923இல் இந்நகரில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், வீடு நிறையப் புத்தகம் சேர்த்த வழக்கறிஞர். சங்கம் நடத்துவதற்கென்று எந்தப் பாடத்திட்டமும் அவர்களைப் பழக்கவில்லை.

கணக்கும் கணினியும் கூடவே கற்றுக்கொள். பிழைப்புக்கு அவை வேண்டும். எனக்குக் கவலை ஓய்வைப் பற்றித்தான். "ஸ்கூல்" என்பதன் வேர், ஓய்வைக் குறிக்கும் "ஸ்கோலே" என்னும் கிரேக்கச் சொல். (நம் வீடுகளில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) விளையாட்டு வேலைக் களைப்புக்கு மருந்து, ஓய்வோ அதனின் வேறு, அதை நன்றாகக் கழிக்கவும் கல்வி வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. வேலையிலிருந்து நின்ற முதல் மாதத்தில் அது எனக்கு உறைத்தது. ஷிப்டுக்குப் பழகிய உடம்பு ஐந்து மணிக்கே எழுந்துவிடும். பிறகு பொழுது சாய்கிறவரை கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். படிப்பகத் தோழர்தான் ஒருநாள், 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்க அழைத்துப் போனார். சைக்கிளில் ஆயிரம் முறை அதைக் கடந்திருக்கிறேன். அதன் தூண்களை அன்றுதான் நின்று எண்ணினேன்.

முதல் பருவத்துக்கான புத்தகப் பட்டியலை அனுப்பு, வாங்கித் தருகிறேன். நீ படித்து முடித்ததும் அவை என்னிடம் வர வேண்டும்.

உன் பெரியப்பா