ஒட்டுண்ணியும் ஊமைச் சுவர்க்கோழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மயில் தோகை பற்றிய கட்டுரை படித்தேன். ஒட்டுண்ணிகளைத் தாங்கி நிற்கும் ஆணால்தான் பளபளப்பான தோகை வளர்க்க முடியும், பெண் மயில் அதைப் பார்த்துத்தான் துணையைத் தேர்கிறது என்று கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார்.

இந்தக் கருத்தை 1982-இல் முன்வைத்தவர்கள் உயிரியலாளர்கள் டபிள்யூ. டி. ஹாமில்டனும் மார்லீன் ஸூக்கும். அவர்கள் கணக்கெடுத்தது மயில்களை அல்ல, வட அமெரிக்காவின் சிறு பறவைகளையும் அவற்றின் ரத்த ஒட்டுண்ணிகளையும். எந்த இனத்தில் ஒட்டுண்ணித் தொல்லை அதிகமோ, அந்த இனத்தின் ஆண்களிடம் பகட்டும் பாட்டும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. பிறகு மற்ற உயிரினங்களில் சோதித்தபோது சிலவற்றில் பொருந்தியது, சிலவற்றில் பொருந்தவில்லை. கட்டுரையில் இது முடிந்த முடிவு போல வந்துவிட்டது.

மீதிக் கதையும் அதே ஸூக்குடையதுதான். ஹவாய்த் தீவுகளில் ஒரு வகைச் சுவர்க்கோழிப் பூச்சி இருக்கிறது. ஆண், சிறகோடு சிறகு உரசி, இரவில் ‘கிர்ர்’ என்று பெண்ணை அழைக்கும். அந்தச் சத்தம் ஓர் ஈயின் காதிலும் விழுகிறது. (ஈக்குக் காதா என்று கேட்காதீர்கள், இதற்கு இருக்கிறது, அதுவும் படு கூர்மையாக.) சத்தம் வந்த இடத்துக்குப் பறந்து வந்து, பாடுகிற ஆணின் மேலும் பக்கத்திலும் தன் புழுக்களை விட்டுவிட்டுப் போகும். புழுக்கள் உடலைத் துளைத்து உள்ளே போய் வளரும். ஒரு வாரம் போல ஆனதும் வெளியே வரும், சுவர்க்கோழி செத்துப்போகும்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் ஆண்டுக்கு ஆண்டு சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இனமே அழிகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2003-இல் விளக்கோடு போய்த் தேடினால் சுவர்க்கோழிகள் ஏராளம். ஆனால் ஆண்களில் சுமார் 90 சதவீதம் ஊமை! ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் சிறகில் ஒலியெழுப்பும் அமைப்பு அநேகமாக மறைந்திருந்தது. பாடாத ஆண் ஈயிடம் எளிதில் சிக்காது, அதனால் ஊமைகள் பெருகின. இருபது தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. பரிணாமம் என்றாலே லட்சம் வருடம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சரி, ஊமை ஆணுக்கு எப்படித் துணை கிடைக்கிறது? பாடுகிற சிலரின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை வழியில் மடக்கிவிடும்.

ஆக, உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி வேறு, ஒட்டுக்கேட்கும் ஒட்டுண்ணி வேறு. முதல் வகை இருந்தால், அதைத் தாங்கும் ஆணுக்குப் பகட்டிக் காட்டுவது லாபம். இரண்டாவது வகையிடம் அந்தப் பகட்டே எமன். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கி, ‘ஒட்டுண்ணிகள் ஆண்களை அழகாக்குகின்றன’ என்று முடித்தது சரியில்லை.

அடுத்த பகுதி வருமானால் ஹவாயின் இன்னொரு தீவான ஒவாஹுவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கும் ஊமை ஆண்கள் தோன்றிவிட்டன, ஆனால் சிறகின் அமைப்பு வேறு, மரபணு மாற்றமும் தனி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
தேனி.