வாளி உரம் நாறுவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம். காய்கறிக் கழிவை உரமாக்க முயல்பவர்கள் பலரும் நாற்றம் தாங்காமல் இரண்டே வாரத்தில் கைவிடுகிறார்கள். குற்றம் கழிவில் இல்லை, ஈரத்தில்! நீர் அடியில் தேங்கினால் காற்று புகாமல் அழுகிவிடும்.

மூடியுள்ள வாளியில் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு நொறுக்கிய சருகு போடுங்கள். விலைக்கு விற்கும் நுண்ணுயிர்த் தூள் தேவையில்லை. ஒரு கைப்பிடி தோட்டத்து மண் போதும். வாளிக் கலவையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. ஒழுகினால் சருகோ, கிழித்த அட்டையோ சேர்த்து அடிவரை கிளறுங்கள். சோம்பல்பட்டால் கெடுவது இங்கேதான்.

இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலக்கலாம். அரைகுறையாக மக்கியதைத் தொட்டியில் போட்டால் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) அதுவே இழுத்துக்கொள்ளும், இலைகள் வெளிறும்.

– வாசகர் ஒருவர்