அக்காவின் சைகையையும் பதிவு செய்யுங்கள்

வேலூர் மாவட்டத்தில் குற்ற வழக்குகளை விசாரிக்கும் மாண்புமிகு நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம். காது கேளாத, வாய் பேச இயலாத சாட்சியை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். போன மாதம் எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். வழக்கு நடப்பதால் எந்த நீதிமன்றம் என்று எழுதவில்லை.

என் அக்கா குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றுகிறவர். மடியில் முறத்தோடு திண்ணையில் இருந்தபோது, எதிர்வீட்டு வாசலில் நடந்த அடிதடியை முழுதாகப் பார்த்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சைகை எங்கள் தெருவுக்குத்தான் புரியும்.

கூண்டில் அக்கா முதலில் இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினார். அது யார் என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் ஒற்றை விரல். அப்புறம் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடிப்பதுபோல் பிடித்து, மேலிருந்து கீழே இரண்டு முறை.

விளக்கிச் சொல்ல வேறு ஆள் இல்லை என்று என்னையே நிறுத்தினார்கள். அந்தக் காலை இழுப்பவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்து அவரை 'வாங்க, போங்க' என்றே பேசிப் பழக்கம். "கம்பியால அடிச்சாங்க" என்று வாயில் வந்துவிட்டது. தட்டச்சில் 'அடித்தார்கள்' என்று ஏறியது. காலும் விரலும் எங்கேயும் ஏறவில்லை. குறுக்கு விசாரணையில் "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். அக்கா ஒரு விரலைக் காட்டினார். "முதலில் பலர், இப்போது ஒருவரா?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அவர் வேலையை அவர் செய்தார். மரியாதை கொடுத்தது நான், பொய்க்காரி ஆனது அக்கா.

சைகையால் சாட்சி சொல்லலாம் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே ஒப்புக்கொண்டது. 2013 திருத்தம், விளக்குநர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியோடு பதிவு செய்து, அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 125வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. அக்காவைப் போலவே ஒரு சாட்சி சைகையால் சொன்ன தர்ஷன் சிங் வழக்கில் 2012லேயே உச்ச நீதிமன்றம், சைகையையும் எழுதுங்கள், விளக்கத்தையும் எழுதுங்கள், விளக்குபவர் அதே சூழலைச் சேர்ந்தவராக, ஆனால் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்கட்டும் என்றது. அந்த வழக்கில் விளக்கியவர் சாட்சியின் அப்பா. குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலை நிலைத்தது.

கல்யாண மண்டபத்தில் சாம்பார் ஊற்றுவதைக்கூட நாலு கேமரா படம் பிடிக்கிற ஊர் இது. கொலை முயற்சி வழக்கில் ஒரே நேரடி சாட்சியின் கையைப் பிடிக்க ஒன்று இல்லையாம். செல்போனை வெளியே வைத்துவிட்டு வா என்று என்னிடம் சொல்ல மட்டும் ஆள் இருந்தது. சரி, கோபத்தில் ஏதேதோ எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான்: சைகையைப் பதிவு செய்யுங்கள், வீடியோ எடுங்கள், வீட்டு ஆளை விளக்குநராக நிறுத்தாதீர்கள். சைகை மொழி படித்தவருக்கும் அக்காவின் வீட்டுச் சைகை உடனே பிடிபடாது. அதனால் விசாரணைக்கு முன்பே இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து பழக நேரம் கொடுங்கள்.

அக்காவை மறுபடி அழைத்து விசாரிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று வழக்கறிஞர் சொல்கிறார். தயவுசெய்து அழையுங்கள். அன்றைய பீடிக் கூலி போனாலும் பரவாயில்லை, பஸ் ஏறி வந்துவிடுவோம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பணிவுடன்,
அந்தச் சாட்சியின் தம்பி