அந்தக் காளானைச் சமைக்காதே

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் அக்காவும் சுகம். போன் எடுத்தால் நீ "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் போட்ட காளான் படத்தை அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் காட்டிவிட்டாள். ருமேனியாவுக்குப் போயும் பிள்ளை காளான் பொறுக்குகிறதாம், அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

அதைச் சமைக்காதே. சாப்பிட்டிருந்தால் மேற்கொண்டு வாசிக்காமல் அங்கே அவசர நம்பரான 112க்கு அடி, ஆஸ்பத்திரிக்குப் போ. மிச்சக் காளானையும் கையோடு கொண்டு போ. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதே.

நம் தோட்டத்து 7ஆம் நம்பர் தேயிலை மலையில் ஐப்பசி மழைக்குப் புற்றுக்காளான் எங்கே வரும் என்று உனக்குத் தெரியும். கறையான் இருக்கும் இடத்தில்தான் அது வரும், தண்டு வேர் மாதிரி புற்றுக்குள் நீளமாக இறங்கும், குடையின் நடுவில் ஒரு கூர் இருக்கும். அப்பாயி சொல்லித் தந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அப்பாயிக்குத் தெரிந்தது இந்த மலைக் காளான். அங்கே ஓக் மரத்தடியில் முளைப்பதை அவர் கண்டதே இல்லை.

உன் படத்தில் குடைக்கு அடியில் மடிப்பெல்லாம் வெள்ளை, தண்டில் வளையம் தெரிகிறது. அடிப்பகுதியைக் காணோம், கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறாய். மண்ணுக்குள் முட்டைத் தோல் மாதிரி ஒரு பை இருந்ததா என்று இனி எப்படித் தெரியும்? ஐரோப்பாவில் ஆளைக் கொல்லும் காளானுக்கு இந்த மூன்றும் உண்டு. மொட்டாக இருக்கும்போது வைக்கோல் காளானுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில், கன்பராவில், அந்த விஷக் காளானைச் சாப்பிட்ட இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சமையல்காரர்.

வெள்ளிக் காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள் அம்மா. பூச்சி கடித்திருந்தால் சாப்பிடலாம் என்கிறார் மாமா. இரண்டையும் நம்பாதே. அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது. தோட்டத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் மருந்துக்காம்பராவில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், சாப்பிட்ட உடனே வாந்தி எடுப்பவனை விட அரை நாள் கழித்து எடுப்பவனுக்குத்தான் பயப்பட வேண்டும். வாந்தியும் பேதியும் ஒரு நாள் நின்றுபோகும், சுகமாகிவிட்டது என்று நினைப்பான். அந்த நேரத்தில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

அங்கே கடையில் காளான் மலிவு என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் ஏன் காட்டில் பொறுக்க வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை உடுப்போடு நீ படம் போட்டும் நாளாகிறது. ஏஜன்சிக்குக் கட்டிய காசைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. இந்தத் தோட்டத்திலிருந்து ஐரோப்பா போன முதல் பிள்ளை நீ, அதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்று மட்டும் பதில் போடுவது எந்த ஊர்ப் பழக்கம்?

அக்காவுக்கு இந்த மாதம் சீட்டு விழுகிறது. கொஞ்சம் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பதிலை எனக்கே போடு, அம்மாவின் போனுக்கு வேண்டாம். சமைத்தாயா இல்லையா, அதை முதலில் சொல்.

அப்பா
பசறை, இலங்கை