எலும்புக் கட்டி: குடும்பத்தையும் விசாரியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் கணவருக்கு இரண்டு முழங்காலின் பக்கத்திலும் எலும்பு முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். மாமனாருக்கும் அப்படித்தான். மகனுக்கு முன்கை வளையத் தொடங்கியபோது முதலில் பார்த்த மருத்துவர், "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்று வலி மாத்திரை எழுதினார். வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அப்புறம் வேறொரு எலும்பு மருத்துவர் என் கணவரின் முழங்காலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது. பல இடங்களில் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற கட்டி முளைக்கும் பரம்பரை நோய் இது. சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வருகிறது.

இது புற்றுநோய் அல்ல. குழந்தை வளரும்வரை கட்டியும் வளரும். எலும்பு வளர்ச்சி நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் சிறுவயதிலேயே கண்டுபிடிப்பது முக்கியம். முன்கையில் ஓர் எலும்பு குட்டையாகி மற்றது வளைவதைக் கவனித்துக்கொண்டே வந்தால், தேவைப்படும் நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யலாம். வளர்ந்த பிறகு கட்டி பெரிதானாலோ புதிதாக வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். அரிதாகச் சிலருக்கு அது புற்றாக மாறக்கூடும்.

உறவினர் சிலர், "சொந்தத்தில் கட்டினதால வந்தது" என்றார்கள். எனக்கு அதுதான் பெரிய வேதனை. இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் உள்ள மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. முறைப்பெண்ணைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெற்றோருக்கு இல்லாமல் பிள்ளைக்குப் புதிதாகவும் வரலாம்.

எல்லா எலும்புக் கட்டியும் பரம்பரை என்று நினைப்பதும் தவறு. ஒற்றை ஆஸ்டியோகாண்ட்ரோமா பொதுவாக வழிவழியாக வருவதில்லை. எலும்புக்குள் பல கட்டிகள் வரும் ஒல்லியர் நோயும் அப்படியே. கரு உருவான பிறகு சில செல்களில் மட்டும் நேரும் மாற்றம் அது. எங்கள் தெருவில் காலில் ஒரே ஒரு கட்டி இருந்த பெண்ணுக்கு, "குடும்ப வியாதி" என்று சொல்லி வந்த சம்பந்தத்தைத் தட்டிவிட்டார்கள். என்ன அநியாயம்!

கட்டியோடு வரும் பிள்ளையின் பெற்றோர், உடன்பிறந்தவர்களின் முழங்காலையும் மணிக்கட்டையும் மருத்துவர்கள் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் பல், கண்ணோடு இதையும் சேர்த்துப் பார்க்கட்டும். பரம்பரையா இல்லையா என்று குடும்பத்தை உட்கார வைத்து விளக்கும் மரபணு ஆலோசனை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாமக்கல்